பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள்

அந்த மருந்துக் கிடங்கில் அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனும் அவளை அக்கா என்றார், அதுதான் அதிசயம். அவருக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று, பல்லும் பாதி போயாயிற்று. அவளுக்கோ ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "நான் உங்களுக்கு அக்காவா? கொஞ்சம் மனசாட்சியோட பேசுங்க" என்று கேட்டே விட்டாள். அவர் அசரவில்லை. "வயசுக்கா கூப்பிடுறேன்? மரியாதைக்குக் கூப்பிடுறேன். நீங்க போங்கக்கா" என்றார்.

இந்தக் கதையைச் சொல்ல வந்த எனக்கும் வேறு வழியில்லை. நானும் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவள் வேலை குளிர் அறையில். இன்சுலின், தடுப்பூசி, சில கண் சொட்டு மருந்துகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. கதவைத் திறந்தால் கனத்த பிளாஸ்டிக் பட்டைகள் முகத்தில் இடிக்கும். உள்ளே மின்விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். வெளியே பெரிய கூடம். கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள், நடுவில் பாக்கிங் மேசை, ஒரு மூலையில் கண்ணாடி அடைத்த பில்லிங் அறை, கடைசியில் வேன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மேடை. கடைக்காரர்கள் போனில் மருந்து கேட்பார்கள், பில் போடுவார்கள், பெட்டி கட்டுவார்கள், வேன் கிளம்பும். அவ்வளவுதான் தொழில்.

ஆனால் அங்கே தொழிலைவிடச் சொந்தபந்தம்தான் அதிகமாக நடந்தது. பில் போடுகிறவர் அண்ணன். வேன் ஓட்டுகிறவர் மாமா. பாக்கிங் மேசைக்குத் தலைமை பாப்பா. அந்தப் பாப்பாவுக்கு நாற்பது வயது, தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். வேலைக்குச் சேர்ந்த நாளில் யாரோ பாப்பா என்று சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலாளியைப் பெரியப்பா என்றார்கள். அவர் பெற்ற பிள்ளைகள்கூட அவரை அவ்வளவு பாசமாகக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் உறவு இருந்தது. அக்காவுக்கு உறவோடு சேர்த்து வேலையும் இருந்தது. "அக்கா, பையனுக்குக் காய்ச்சல், என் மேசையையும் கொஞ்சம் பாத்துக்கங்க." "அக்கா, பெரியப்பாகிட்ட லீவுக்கு நீங்க ஒரு வார்த்தை போட்டு வைங்க." "அக்கா, கடைசி வேனை நீங்க அனுப்பிட்டுப் போங்களேன். உங்களுக்கென்ன, வீட்ல யாரு காத்துக்கிட்டிருக்காங்க?" இந்தக் கடைசிக் கேள்வியை ஒருவரும் வேண்டுமென்று கேட்டதில்லை. மனசில் ஒன்றுமில்லாமல், வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது.

கேட்டதில் பொய்யும் இல்லை. மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, துணி காயப்போட ஒரு கம்பி. அம்மா இருந்தவரை அந்த அறையில் இரண்டு கட்டில். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது எப்போது வந்து எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் நாக்கு தடித்துப் போயிற்று. ஆனாலும் தண்ணீர் வேண்டுமென்றால், திரும்பிப் படுக்க வேண்டுமென்றால், ஒன்றுமே வேண்டாமென்றாலும், மகள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். சில நாள் அக்காவுக்கு எரிச்சல்கூட வரும். "என் பேரை ஏலம் போடறியா? சும்மா இரும்மா" என்று அதட்டியிருக்கிறாள்.

அம்மா போன பிறகு அந்தப் பேர் வீட்டில் கேட்கவில்லை. வெளியூரில் இருக்கும் தம்பி போன் செய்தால் அக்கா. தம்பி பெண்டாட்டி அண்ணி என்பாள். அவர்கள் பிள்ளைகளுக்கு அத்தை. வீட்டுக்காரிக்கு மாடி வீட்டம்மா. கடைக்காரனுக்கு வெறும் அம்மா. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தாள். குழாயை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் பெரியப்பா கிடங்கைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றார். புது மேலாளர் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்ட, சிரித்த முகமான, நாற்பது வயதுக்காரர். கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் மேலாளர் தலையில் பழியைக் கட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது சுலபம்.

அவர் வந்த புதிதில் ஒரு காரியம் நடந்தது. ஓர் இருமல் மருந்தில் குறிப்பிட்ட ஒரு சரக்கை மட்டும் அனுப்ப வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று தயாரிப்பாளரிடமிருந்து தகவல் வந்திருந்தது. பில்லிங் அண்ணன் மறந்துபோய் அதற்கே பில் போட்டுவிட்டார். பெட்டி கட்டி, வேன் ஏறி, கடைக்கும் போய்விட்டது. நல்லவேளை, கடைக்காரரே பார்த்துத் திருப்பி அனுப்பினார். விசாரித்தால், பெட்டி கட்டும்போதே மூன்று பேருக்கு அது தெரிந்திருந்தது. ஒருவர் வாயும் திறக்கவில்லை. மூவரில் அக்காவும் ஒருத்தி. தான் தம்பி என்று கூப்பிடும் அந்த அண்ணனை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்க வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள் வேன் போய்விட்டது.

மேலாளர் எல்லாரையும் கூடத்தில் கூட்டினார். கோபப்படவில்லை. அதுவே எல்லாருக்கும் புதிதாக இருந்தது.

"ஏன் சொல்லலைன்னு கேட்டா, 'அண்ணன் போட்ட பில்லு, நாம எப்படிச் சொல்றது'ங்கறீங்க. அண்ணன் தப்பு பண்ணலாம், தம்பி வாயைத் திறக்கக் கூடாது. வீட்ல அதுக்குப் பேரு பாசம். மருந்துக் கிடங்குல அது ஆளைக் கொல்லும்" என்றார். "இன்னியிலேர்ந்து இங்க அண்ணன், அக்கா, மாமா, பாப்பா எதுவும் கிடையாது. சார், மேடமும் வேண்டாம். எல்லாரும் எல்லாரையும் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். என்னையும் சேர்த்துத்தான். மரியாதையை 'நீங்க, வாங்க'ல வச்சுக்குங்க. யாருக்குச் சம்மதம்?"

இருபது வருஷம் அண்ணனாக இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாப்பா தரையைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து அக்கா கையைத் தூக்கினாள். "எனக்குச் சம்மதம் சார்."

"சார் வேண்டாம்னு இப்பதானே சொன்னேன்" என்று மேலாளர் சிரித்தார். "உங்க பேரு?"

சொன்னாள். மருத்துவமனைச் சீட்டில் எழுதுவதற்காகச் சொல்வதுண்டு, அது வேறு. மேலாளர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லி, "நல்லது. அடுத்து?" என்று பக்கத்து ஆளிடம் போனார். வரிசையாக எல்லாரும் பேர் சொன்னார்கள். பாப்பாவின் முறை வந்தபோது, படை நடத்திய மகாராணிக்கு வைத்தது போன்ற நீளமான பேர் ஒன்று அவள் வாயிலிருந்து வந்தது. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முழுக்க எல்லாருக்கும் அதுதான் பேச்சு.

அக்காவை நியாயவாதி என்று சிலர் நினைத்தார்கள். புது மேலாளருக்குக் காக்கா பிடிக்கிறாள் என்று சிலர் நினைத்தார்கள். இரண்டும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து யாராவது, அம்மா கூப்பிட்ட மாதிரி, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் திரும்பிப் பார்க்க வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள்.

எல்லாருக்கும் பேர் எழுதிய பேட்ஜ் வந்தது. அக்காவின் பேட்ஜுக்கு மேல் நாள் முழுக்கக் குளிர் அறைக் கோட்டு இருந்தது. அக்கா ஒவ்வொரு பேரையும் வீட்டில் உருப்போட்டாள். துணி பிழியும்போது ஒன்று, அரிசி களையும்போது ஒன்று. மறுநாள் பில்லிங் அறைக்குப் போய், இத்தனை காலம் தம்பி என்று கூப்பிட்டவரைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மனிதர் புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். பாப்பாவை அந்த மகாராணிப் பேரால் கூப்பிட்டபோது பாப்பா யாரையோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பும் கும்மாளமுமாக ஒரு வாரம் போயிற்று. பிறகு பழகிவிட்டது.

அதைவிட முக்கியம், மேலாளரின் யோசனை பலித்தது. பாக்கிங் மேசையிலிருந்து ஒருவன் பில்லிங் அறையைப் பார்த்து, பேரைச் சொல்லி, "இந்த பில்லுல சரக்கு மாறியிருக்கு, பாருங்க" என்று சத்தமாகவே சொன்னான். பில்லிங்காரர் முதலில் முறைத்தார், பிறகு பார்த்தார், பிறகு திருத்தினார். வானம் இடிந்து விழவில்லை. பெட்டி மாறிப் போவது பாதியாகக் குறைந்தது. மேலாளர் சொன்னது சரிதான். அக்காவுக்கே அது பெருமையாக இருந்தது.

ஆனால் அவள் பேரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அக்கா என்று கூப்பிடத் தடை. பேரைச் சொல்லவோ கூச்சம். சம வயதுக்காரனைச் சொல்லலாம், சின்னவளைச் சொல்லலாம், தூக்கி வளர்த்த மாதிரி இருந்தவளை எப்படிச் சொல்வது? ஆகவே அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். வேண்டியவர்கள் நேராக வந்து முன்னால் நின்றார்கள். அவள் நிமிரும்வரை நின்றார்கள். சிலர் இருமினார்கள். சிலர் "இந்தாங்க" என்றார்கள். பில்லிங்காரர் தன் அறைக் கண்ணாடியைப் பேனாவால் தட்டினார். வேன் மேடையிலிருந்து, "கோல்டு ரூம்! ரெண்டு பெட்டி!" என்று அறையைக் கூப்பிட்டார்கள். வாட்ச்மேன்தான் எல்லாரையும் மிஞ்சினார். அவளுக்கு யாராவது பார்சல் கொண்டுவந்தால் விசிலை எடுத்து ஊதினார்.

கூப்பிடச் சொல் இல்லாமல் போனதும் பேச்சும் குறைந்தது. அதுதான் வேடிக்கை. "அக்கா" என்று தொடங்கினால் வேலையைச் சொன்ன கையோடு மாமியார் சண்டை, பிள்ளையின் பரீட்சை, பல்வலி எல்லாம் கூடவே வரும். "இந்தாங்க" என்று தொடங்கினால் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். மதியம் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இடம் போட்டு வைத்தார்கள், மரியாதையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆனால் பேச்சு அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பேரன் பேத்தி எடுத்த வாட்ச்மேனாவது பழையபடி அக்கா என்று கூப்பிட்டால் தேவலை என்று அவளுக்குத் தோன்றும். அவள் சீக்கிரமாக எழுந்து குளிர் அறைக்குப் போய்விடுவாள். அங்கே விசிறிச் சத்தத்தில், தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதாவது தெரியாது.

ஒருமுறை மேலாளரிடம் ஜாடையாகச் சொன்னாள். "இதுக்கெல்லாம் நாளாகும். நீங்க தானே முதல்ல கை தூக்கினவங்க, நீங்களே பொறுக்கலைன்னா எப்படி?" என்றார். கொஞ்ச நாளில் அவருக்கு இன்னொரு கிளையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வாரத்தில் ஒருநாள்தான் வருவார். வந்தாலும் போனும் கையுமாக இருப்பார்.

அப்புறம் போட்டோ எடுக்க வந்தார்கள். இந்தக் கிடங்கு மாறிய விதம் தலைமை அலுவலகத்துக்குப் பிடித்துப்போயிற்றாம். மற்ற கிளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். வந்தவர்கள் எல்லாரையும் வேன் மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். அக்கா குளிர் அறையில் தடுப்பூசிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டி வரப் பாப்பாவை அனுப்பினார்கள்.

பாப்பா வந்தாள். கதவைத் தட்டினாள். உள்ளே விசிறி இரைச்சல். இன்னொருமுறை தட்டினாள். பட்டைகளை விலக்கி ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். என்ன குரல் கொடுப்பது? பின்னால் தலைமை அலுவலக ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாப்பா திரும்பிப் போய், "அவங்க வேலையா இருக்காங்க போல" என்றாள். சரி என்று எடுத்துவிட்டார்கள்.

சில நாளில் அந்தப் போட்டோ பெரிதாகச் சட்டம் போட்டு வாசலில் ஏறியது. கீழே, இடமிருந்து வலமாக, எல்லார் பேரும். வாட்ச்மேன் பேர்கூட இருந்தது. அக்கா அதன்முன் நின்று கடைசி வரைக்கும் படித்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்த இடத்தில் தான் இல்லை என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அழுகை வந்தது. யாரும் வருவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அன்று மதியம் ஐஸ் பாக்கெட் எடுக்கப் பாப்பா குளிர் அறைக்கு வந்தாள். அக்கா கழுத்துவரை பித்தான் போட்ட தடித்த கோட்டோடு கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போட்டோவுக்கு என்னைக் கூப்பிடலையா?"

பாப்பாவின் முகம் சின்னதாகிவிட்டது. "கதவைத் தட்டினேனே."

"உள்ள விசிறி இரையறது உனக்குத் தெரியாதா? ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருப்பேன்ல?"

"என்னன்னு குரல் கொடுக்கறது?" என்று பாப்பா வெடித்தாள். "அக்கான்னா அந்த ஆபீஸ்காரங்க முகத்தைச் சுளிப்பாங்க. பேரைச் சொல்லலாம்னா நாக்கு வர மாட்டேங்குது. என் ரெண்டாவது பிரசவத்துல ராத்திரி பகல்னு பாக்காம ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தது நீங்கதானே. உங்களைப் போய் எப்படிப் பேரைச் சொல்றது? எங்க மரியாதை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த மரியாதையாலதான் பாப்பா, என்கிட்ட யாரும் பேசறதில்ல." அக்கா கதவை விட்டு விலகி நின்றாள். "எங்கம்மா போனதுக்கப்புறம் என் பேரைச் சொல்ல ஆளே இல்லடி. அதுக்காகத்தான் அன்னிக்குக் கை தூக்கினேன். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல. ஒரே ஒரு தடவை கூப்பிடு. நான் திரும்பிப் பாக்கறேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி, பாப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பாப்பாவின் கண் அக்காவின் முகத்தில் இல்லை. கோட்டின் நெஞ்சுப் பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. பேட்ஜ் கோட்டுக்குள்ளே சட்டையில் இருந்தது. அந்தக் குளிரிலும் பாப்பாவின் மேலுதட்டில் வேர்த்திருந்தது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மரியாதையும் இல்லை, கூச்சமும் இல்லை. பாப்பாவுக்குத் தெரியவில்லை. ஒருவேளை யாருக்குமே தெரியாது. இரண்டு பித்தானைக் கழற்றினால் போதும், பேர் தெரிந்துவிடும். கை பித்தான்வரை போயிற்று. ஆனால் கழற்றினால், உனக்கு என் பேர்கூடத் தெரியாது என்று பாப்பாவின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகும். அதை இந்தப் பெண் தாங்க மாட்டாள். நாளையிலிருந்து எதிரே வந்து நிற்கவும் மாட்டாள். அக்கா கையை இறக்கி, மறுபடி முதுகைக் காட்டி நின்றாள்.

பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பேரைச் சொன்னாள். நல்ல பேர்தான், அக்காவுடையது இல்லை. அக்காவோடு பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரில் இரண்டு பேர் படித்தார்கள்.

அக்கா திரும்பினாள். "என்ன?" என்றாள்.

"ஐயோ, சொல்லிட்டேன்!" பாப்பாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "தப்பா எடுத்துக்கலையே?"

"இதுல என்ன தப்பு? நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா. "ஐஸ் எத்தனை வேணும்?"

பாப்பாவின் வாயில் எதுவும் நிற்காது. நான்தான் முதலில் சொன்னேன் என்று கூடம் முழுக்கப் பறைசாற்றிவிட்டாள். இத்தனை மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிய பாரம் இறங்கியது. அன்று மாலை வேன் மேடையிலிருந்து ஒரு குரல், நீட்டி, உரிமையோடு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. அடுத்து பில்லிங் அறையிலிருந்தும் அதே பேர் வந்தது.

அக்கா கோட்டுக்குள் கையை விட்டாள். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "இதோ வரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வெளியே போனாள்.